கல்மூலம்

ஹம்பியில் விட்டலர் கோயிலுக்குப் போகும் ஆற்றோரப் பாதையில் ஒரு பாறையின் முதுகில் பதினொரு குழிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. விஜயநகரத்துக் கல்தச்சர் யாரோ உளியால் குழி எடுத்து, ஆப்பு இறக்கிப் பிளக்க நினைத்த பாறை. ஏனோ பிளக்காமல் விட்டுவிட்டார்கள். பக்கத்தில் இருந்த இன்னொரு பாறை பாதியைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு மீதிப் பாதியோடு நின்றது. பிளந்த முகத்தின் விளிம்பில் அதே குழிகள் பாதி பாதியாக, பல் வரிசை போலத் தெரிந்தன.

“கையை எடுங்க தம்பி, லென்ஸை வைங்க” என்றார் உடன் வந்தவர். சேலம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் முப்பது வருடம் புவியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவருடைய காரில்தான் இந்தப் பயணம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கண்ணோடு ஒட்டி, பிளந்த முகத்தின் மேல் குனிந்தேன்.

தூரத்தில் இருந்து ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்த கல் நான்கு பொருளாகப் பிரிந்தது. ரோஜா நிறத்தில் கட்டம் கட்டமான பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார். அதன் அருகே சோடியமும் கால்சியமும் கலந்த வெள்ளை ஃபெல்ட்ஸ்பார். நாம் காக்காப்பொன் என்று சொல்லும் அப்பிரகத்தின் கறுப்புச் செதில்கள், வெயிலில் பளிச்சென்று. மிச்சம் இருந்த இடுக்குகளில் எல்லாம் கண்ணாடித் துண்டு போல, தனக்கென்று ஒரு உருவமே இல்லாத குவார்ட்ஸ்.

“குவார்ட்ஸுக்கு ஏன் வடிவம் இல்லைன்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டார். பிறகு அவரே சொன்னார்: “பந்தியிலே கடைசியா வந்தவன் கிடைச்ச இடத்துலதானே உட்காரணும்.” உருகிய பாறைக்குழம்பு ஆறும்போது மற்ற படிகங்கள் முதலில் வளர்ந்து இடம் பிடித்துவிட்டன. குவார்ட்ஸ் கடைசியில் உறைந்து, இருந்த சந்துகளை நிரப்பியது. ஒரு கல்லைப் பார்த்தே அது எந்த வரிசையில் உறைந்தது என்று படிக்க முடியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் கைக்கு எட்டியது.

தமிழில் நாம் உறுதியான எல்லாப் பாறையையும் கருங்கல் என்றுவிடுகிறோம். சமையலறை மேடைக்கு வாங்கும் பளபளப்பான கறுப்பு ‘கிரானைட்’ பெரும்பாலும் கிரானைட்டே அல்ல, டோலரைட் வகை. உண்மையான கிரானைட்டுக்கு ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் வேண்டும், முக்கியமாக ஐந்தில் ஒரு பங்காவது குவார்ட்ஸ் வேண்டும். அது பூமிக்கு வெளியே வந்து ஆறியதாக இருக்கக் கூடாது. ஆழத்தில், மேலே கிலோமீட்டர் கணக்கில் பாறை மூடியிருக்க, மெதுவாக ஆறியிருந்தால்தான் கண்ணுக்குத் தெரிகிற அளவு படிகம் வளரும். அப்படியானால் ஹம்பியில் நாம் ஏறி நிற்கிற ஒவ்வொரு குன்றும் ஒரு காலத்தில் தரைக்கு வெகு கீழே இருந்தது. மேலே இருந்தவை அத்தனையும் அரித்துப் போய்விட்டன.

இந்த உருண்டைப் பாறைகளை வாலியும் சுக்ரீவனும் சண்டையில் எறிந்தவை என்று ஆனேகுந்தியில் சொல்கிறார்கள். புவியியல் சொல்லும் கதை வேறு. பாறையில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல் ஓட, அவற்றின் வழியே மழைநீர் இறங்கி ஃபெல்ட்ஸ்பாரைக் களிமண்ணாக்குகிறது. மூலைகள் இரண்டு மூன்று பக்கமாகத் தாக்கப்படுவதால் முதலில் கரைகின்றன, சதுரம் உருண்டையாகிறது. களிமண்ணை மழை அடித்துக்கொண்டு போனதும் உருண்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக நின்றுவிடுகின்றன. யாரும் எறியவில்லை, அவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இரண்டாவது கதை எனக்கு முதல் கதையைவிட அதிசயமாக இருக்கிறது.

ஆனால் நாங்கள் வந்தது ஹம்பிக்காக மட்டும் அல்ல. ஹம்பி ஒரு முனை. இங்கிருந்து தெற்கே, பாவகடா, மதுகிரி, மாகடி, ராமநகரம் வழியாகக் கனகபுரத்துக்கு அப்பால் கப்பால்துர்கா வரை ஒரு கிரானைட் பட்டை ஓடுகிறது. நீளம் சுமார் 400 கிலோமீட்டர்; அகலம் 20 முதல் 30 கிலோமீட்டர்தான். வரைபடத்தில் பார்த்தால் கர்நாடகத்தின் மேல் யாரோ மேலிருந்து கீழாகக் கோடு இழுத்தது போலிருக்கும். குளோஸ்பேட்டை கிரானைட் என்று அதற்குப் பெயர். குளோஸ்பேட்டை என்பது ராமநகரத்தின் பழைய பெயர். மைசூரில் ஆங்கிலேய ரெசிடென்டாக இருந்த பேரி குளோஸ் நினைவாக வைத்தது. ஊர் பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது. கல் மாற்றிக்கொள்ளவில்லை.

இந்தப் பட்டையை மற்ற கிரானைட்டுகளில் இருந்து தனியாக்குவது ஒன்று உண்டு. நீளமான மரக்கட்டையைச் சற்றுச் சாய்த்து வைத்து, மேற்பரப்பை இழைப்புளியால் சமமாக இழைத்தால் ஒரு முனையில் மேல்பட்டை அப்படியே இருக்கும், மறுமுனையில் உள்ளே பாய்ந்த வைரம் வெளியே வரும். இந்தப் பட்டை ஓடுகிற தார்வார் நிலத்துண்டு அப்படித்தான் இருக்கிறது. தெற்குப் பக்கம் உயர்ந்து, வடக்குப் பக்கம் தாழ்ந்து சாய்ந்திருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டு மழையும் காற்றும் ஆறும் அதை மேலே சமமாக இழைத்துவிட்டன. அதனால் ஹம்பிப் பக்கம் தெரிவது அந்தப் பழைய பூமியின் மேல்மட்டம். கப்பாலில் தெரிவது ஒரு காலத்தில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த அடிமட்டம். உலகத்தில் மனிதன் போட்ட மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில், 12 கிலோமீட்டர் சொச்சம். அதற்கும் கீழே நாங்கள் காரில் போய் இறங்கப்போகிறோம்.

மறுநாள் விடியற்காலை கிளம்பினோம். சந்தூர் மலைகளின் சிவப்பு இரும்புத்தூளை விட்டு விலகியதும் வறண்ட வெளி. நிலக்கடலைக் காடு, அங்கங்கே உருண்டைக் குன்றுகள். வடக்கே உள்ள கிரானைட் ஒரே தொடராக இல்லை. தனித்தனி முட்டை வடிவ உடல்களாகப் பழைய பாறைக்குள் நுழைந்து உட்கார்ந்திருக்கிறது. பிறகு ஓரிடத்தில் கிரானைட் அடையாளமே இல்லாமல் போய், சாலையோரம் எங்கு பார்த்தாலும் வரிவரியான சாம்பல் நிறப் பாறை. தீபகற்ப நைஸ் என்று இதைச் சொல்கிறார்கள். 300 கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயதான நிலத்தின் அடித்தளம். பெங்களூர் லால்பாக் தோட்டத்துக்குள் கெம்பெகவுடா கோபுரம் நிற்கிற பாறையும் இதுதான்.

“பட்டை இங்க அறுந்துடுச்சா?” என்று கேட்டேன்.

“அறுந்தது மாதிரி தெரியுது. கீழேருந்து வந்த குழம்பு இந்த மட்டத்துல வடிகட்டப்பட்டுடுச்சு” என்றார். மொய்யான், ஜயானந்தா முதலானவர்கள் 2003ல் எழுதிய விளக்கம் இது. ஆழத்தில் இருந்து ஏறி வந்த குழம்பில் திரவம் மட்டும் இல்லை, பெரிய பெரிய ஃபெல்ட்ஸ்பார் படிகங்களும் மிதந்துகொண்டிருந்தன. ஏற ஏறக் குளிர்ந்து, படிகங்கள் கூடி, கெட்டிக் கூழாகி, ஒரு மட்டத்துக்கு மேல் நகர முடியாமல் நின்றுவிட்டது. கூழுக்குள் மிச்சம் இருந்த திரவம் மட்டும் பிழிந்துகொண்டு, குறுகிய வெடிப்புகளின் வழியே மேலே போய்ச் சேர்ந்தது. அப்படிச் சேர்ந்தவைதான் வடக்கே நாங்கள் பார்த்த தனித்தனிக் குன்றுகள். சோறு பானையிலே நின்றுவிட, கஞ்சி மட்டும் வடிந்து போன கதை. நான் அதற்குப் பிறகு ஒவ்வொரு பாறை வெட்டிலும் ஃபெல்ட்ஸ்பார் படிகத்தின் அளவை அளந்துகொண்டே வந்தேன்.

பாவகடாவில் கிலோமீட்டர் கணக்கில் சூரியமின் தகடுகள். அவற்றுக்கு நடுவே குன்றுகள் தீவு போல நின்றன. மதுகிரியில் ஒரே கல்லாக எழும்பி நிற்கும் மலையின் அடியில் இளநீர் குடித்தோம். அங்கே அதிகம் நிற்கவில்லை. ராமநகரத்தில் வெளிச்சம் இருக்கும்போது இறங்க வேண்டும் என்று அவருக்கு அவசரம்.

ராமநகரத்துக்கு இரண்டு புகழ் உண்டு: பட்டுக்கூட்டுச் சந்தை, 1975ல் வந்த ‘ஷோலே’ படம். கப்பர் சிங் நின்ற பாறைகளைப் பார்க்க ராமதேவர பெட்டாவுக்கு இன்றைக்கும் ஆட்கள் வருகிறார்கள். அதே செங்குத்துப் பாறைமுகங்களில்தான் நீண்ட அலகுப் பிணந்தின்னிக் கழுகுகள் கூடு வைக்கின்றன. அவற்றுக்காகவே அந்த மலை சரணாலயமாக இருக்கிறது. நாங்கள் மலை ஏறவில்லை. ஊருக்கு வெளியே, வேலை நின்றுபோன ஒரு பழைய வெட்டுக்குழிக்குப் போனோம். மழைநீர் தேங்கி நின்ற தரை. அதன் ஓரத்தில் அறுத்த சுவர், ஆள் உயரம்.

அந்தச் சுவரை நான் மறக்கமாட்டேன். ஹம்பியில் அரிசி அளவு இருந்த ரோஜா நிறப் படிகங்கள் இங்கே கட்டைவிரல் நீளம். செங்கல் அடுக்கியது போல, பெரும்பாலும் ஒரே திசை பார்த்துப் படுத்திருந்தன. திசைமானியை வைத்துப் பார்த்தோம்: வடக்கு தெற்கு. ஆற்றில் மிதக்கும் சருகுகள் நீரோட்டத்தின் திசையில் திரும்புமே, அப்படித் திரும்பியவை. பாறை அங்கே ஓடியிருக்கிறது.

அந்த ரோஜாக் கூட்டத்துக்குள் தேங்காய் அளவில், பூசணி அளவில் கறுப்புத் திட்டுகள் இருந்தன. ஓரங்கள் உடைந்த கல் போலக் கூர்மையாக இல்லை. குழைந்து, மடிப்பு மடிப்பாக வளைந்திருந்தன. அப்படியென்றால் கறுப்பும் திரவமாக இருந்தபோதே ரோஜாக் குழம்புக்குள் விழுந்திருக்கிறது. ஒரு திட்டின் விளிம்பில் ஒரே ஃபெல்ட்ஸ்பார் படிகம் பாதி கறுப்பிலும் பாதி வெளியிலுமாக நின்றது. ரோஜாக் குழம்பில் வளர்ந்த படிகம், கறுப்புக் குழம்புக்குள் நுழையும் நேரத்தில் எல்லாம் உறைந்துவிட்டது. வாசற்படியைத் தாண்டக் காலை எடுத்து வைத்தவர் அப்படியே நின்றது போல, 250 கோடி ஆண்டுகளாக.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். கல்மூலம் பார்க்கலாம், புவிவேதியியல் முழுக்க அந்த விசாரணைதான். 1974ல் ஆஸ்திரேலியாவின் சாப்பல், ஒயிட் இருவரும் கிரானைட்டுகளை இரண்டு வம்சமாகப் பிரித்தார்கள். முன்பே குழம்பாக இருந்து உறைந்த பாறை மறுபடி உருகிப் பிறந்தவை ஒன்று. சேறும் மணலும் படிந்து இறுகிய பாறை உருகிப் பிறந்தவை இன்னொன்று. குளோஸ்பேட்டை இந்த இரண்டிலும் அடங்கவில்லை, அதற்கு இரண்டு பெற்றோர்.

கறுப்புத் திட்டுகளை அரைத்துப் பார்த்தால் சிலிக்கா 50 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். மெக்னீசியம் அதிகம். மேலோட்டுப் பாறை உருகி இது வராது; அதற்கும் கீழே உள்ள மேன்டிலில் இருந்து வந்த குழம்புதான் இப்படி இருக்கும். ஆனால் அதே திட்டில் பொட்டாசியம், பேரியம், ஸ்ட்ரான்சியம் எல்லாம் மேன்டிலுக்குச் சம்பந்தமே இல்லாத அளவில் குவிந்திருக்கின்றன. சாதாரணப் பாலில் இருந்து இந்தத் தயிர் வராது, முன்பே யாரோ உறை ஊற்றியிருக்க வேண்டும். உருகுவதற்கு முன்னால், மேலே இருந்து போன ஏதோ ஒரு திரவம் அந்த மேன்டிலை மாற்றியிருக்கிறது. அப்படி மாறிய மேன்டில் உருகி ஏறி, மேலோட்டின் அடியில் தங்கி, தன் சூட்டால் பழைய நைஸை உருக்கியது. சிலிக்கா 70 சதவீதத்தைத் தாண்டுகிற வெளிறிய கிரானைட் அந்த நைஸின் உருக்கு. இரண்டும் பல விகிதத்தில் கலந்து உண்டானதுதான் நடுவில் உள்ள எல்லாம். நான் தொட்டுக்கொண்டிருந்த சுவர் அந்தக் கலப்பு முடியாமல் நின்ற இடம்.

சாட்சி சொல்வதில் யூரோப்பியம் என்ற தனிமத்துக்கு நிகர் இல்லை. அருமண் உலோகங்கள் ஒரே குடும்பம். எல்லாம் ஒன்றைப் போல ஒன்று நடந்துகொள்ளும். யூரோப்பியம் மட்டும் சில சூழலில் மின்னேற்றத்தை மாற்றிக்கொண்டு, கால்சியம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை ஃபெல்ட்ஸ்பாருக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஒரு கிரானைட்டில் யூரோப்பியம் மட்டும் குறைந்திருந்தால், வெள்ளை ஃபெல்ட்ஸ்பாரை எங்கோ கீழே விட்டுவிட்டு வந்த குழம்பு என்று தெரிந்துவிடும். கனமான அருமண் உலோகங்கள் குறைந்திருந்தால், அடியில் கார்னெட் என்ற கனிமம் அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டது. அதாவது மிக ஆழத்தில் உருகியது. ஒரு கிராம் கல்லில் பத்து லட்சத்தில் ஒரு பங்காக இருக்கிற தனிமம், கண்ணால் பார்க்க முடியாத ஆழத்தைச் சொல்லிவிடுகிறது. வயதை ஜிர்கான் சொல்கிறது. மணலைவிடச் சிறிய அந்தப் படிகம் பிறக்கும்போது யுரேனியத்தை ஏற்றுக்கொள்ளும், ஈயத்தை ஏற்காது. பிறகு அதில் காண்கிற ஈயம் எல்லாம் யுரேனியம் சிதைந்து வந்தது. 1991ல் ஃபிரெண்டும் நட்மனும் அதை எண்ணிச் சொன்ன வயது 251.3 கோடி ஆண்டு, பிழை அரைக்கோடிதான்.

ஏன் அப்போது, ஏன் இங்கே என்பதில்தான் சண்டை. ஆழத்தில் இருந்து மிகச் சூடான மேன்டில் பொருள் ஒரு தூணாக எழும்பி வந்து உருக்கியது என்றது ஜயானந்தா குழு. சாட்விக் குழுவோ, இன்றைய ஆண்டிஸ் மலையின் அடியில் போல ஒரு கடல்தட்டு இன்னொன்றின் கீழே அமிழ்ந்ததால் வந்தது என்றது. இரண்டும் 2000ல் வெளியான வாதங்கள். எனக்கு இரண்டாவது பக்கம்தான் மனம் சாய்கிறது. உறை ஊற்றிய பால் என்றேனே, அந்த உறை தானாக வராது. நீரைச் சுமந்துகொண்டு ஏதோ ஒரு தட்டு கீழே இறங்கியிருந்தால்தான் மேன்டில் அப்படி மாறும். நீர் இல்லாமல் கிரானைட் இல்லை என்பதை 1983ல் கேம்பெல், டெய்லர் இருவரும் எடுத்துக்காட்டினார்கள். சூரியக் குடும்பத்தில் நமக்குத் தெரிந்த வேறெந்தக் கோளிலும் கண்டம் கண்டமாகக் கிரானைட் கிடையாது. கடல் உள்ள இந்த ஒரு கோளில்தான் இருக்கிறது. ஆனாலும் இறங்கிய தட்டு மட்டுமே இவ்வளவு சூட்டைத் தந்திருக்குமா என்று உடன் வந்த நண்பர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அவர் அன்றிரவு சொன்ன ஒன்று தூக்கம் வரும்வரை கூடவே இருந்தது. பொட்டாசியம், யுரேனியம், தோரியம் மூன்றும் கதிர்வீசிச் சூடு தருபவை. மூன்றும் உருகிய குழம்போடு மேலே ஏறிவிடும் குணம் உள்ளவை. குளோஸ்பேட்டைக் காலத்தில் தார்வார் முழுவதும் கிரானைட்டுகள் ஏறியபோது, அடியில் இருந்த சூட்டுச் சரக்கையும் மேலே கொண்டுவந்துவிட்டன. அடிமட்டம் ஆறி இறுகியது. அதற்கு முன்பு திரும்பத் திரும்ப உருகிக்கொண்டும் நெளிந்துகொண்டும் இருந்த நிலம், அதற்குப் பிறகு அப்படி உருகவே இல்லை. தக்காணம் காலூன்றி நின்றது அப்போதுதான்.

மூன்றாம் நாள் கனகபுரம் தாண்டிக் கப்பால். மலை உச்சியில் பழைய கோட்டை. ஒரு காலத்தில் சிறையாக இருந்தது. அடிவாரத்தில் கப்பாலம்மன் கோயிலுக்கு வந்த கூட்டம், தேங்காய்க் கடைகள். எங்கள் இடம் அதற்கு அப்பால் உள்ள கல் வெட்டும் குழி. 1960ல் சி. எஸ். பிச்சமுத்து இந்தக் கப்பால் பாறையைப் பற்றி நேச்சர் இதழில் எழுதினார். அன்றிலிருந்து பல நாட்டுப் புவியியலாளர்கள் வந்து நிற்கிற சுவர் இது.

இங்கே கிரானைட் ஒரு உடலாக இல்லை. சாம்பல் நைஸின் வரிகளுக்கு நடுவே வெளிறிய நரம்புகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் மை தீட்டியது போலக் கறுப்பு விளிம்பு. உருகியது நரம்பாகச் சேர்ந்து நகர்ந்தது. உருகாதது கறுப்பாக ஓரத்தில் தங்கியது. நரம்புகள் கூடிக் கூடிக் கைத்தடிப்பம் ஆகி, ரோஜா நிறக் கிரானைட்டோடு போய்ச் சேர்கின்றன. ஹம்பிக் குன்றுகளின் ஊற்றுக்கண் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டால் இந்தச் சுவரைத்தான் காட்டுவேன்.

நைஸின் வரிகளை வெட்டிக்கொண்டு, இன்னொன்றும் பரவியிருந்தது. எண்ணெய் சிந்திய துணி போலக் கரும்பச்சைத் திட்டுகள். திட்டுக்குள் வரிகள் மங்கி மறைந்துவிடுகின்றன. வெளியே மறுபடி தொடங்குகின்றன. சுண்ணாம்புக்கட்டியில் வெற்றிலைச்சாறு ஊறுவது போல, பாறைக்குள் ஏதோ ஊறியிருக்கிறது. திட்டுகளில் உள்ள குவார்ட்ஸைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் அதற்குள் அடைபட்ட நுண்குமிழிகளைக் கண்டார்கள். குமிழிக்குள் நீர் இல்லை, அடர்ந்த கரியமிலவாயு. ஆழத்தில் இருந்து வந்த அந்த வாயு நீரை விரட்டி, நீர் தேவைப்படும் காக்காப்பொன்னை நீர் இல்லாத பைராக்சீன் என்ற கனிமமாக மாற்றியது என்று நியூட்டன் முதலானோர் 1980ல் விளக்கினார்கள். நீரை உருகுகுழம்பே உறிஞ்சிக்கொண்டு போயிற்று என்று சொல்பவர்களும் உண்டு. மாற்றம் நடந்த காலமும் கிரானைட் ஏறிய காலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

குழியின் மறுமூலையில் ஒரு முதியவர் வேலிக்கான கல்தூண் அடித்துக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சைக் கேட்டு, “தமிழா சார்?” என்றார். தருமபுரிப் பக்கம் சொந்த ஊர். முப்பது வருடமாக இங்கே. பச்சைத் திட்டைக் காட்டி, அதில் தூண் அடிக்க மாட்டீர்களா என்று கேட்டேன்.

“அது பொல்லாத கல்லு சார். உளி மொக்கையாயிடும். இந்த வரிக்கல்லு சொன்ன பேச்சு கேக்கும், தட்டினா நேரா பிளக்கும். பச்சைக்கு எந்தப் பக்கம் பிளக்கணும்னே தெரியாது.”

வரி அழிந்துபோன கல்லுக்குப் பிளக்கத் திசை இல்லை. புத்தகம் ஒரு பக்கம் எழுதுவதை அவர் ஒரு வாயில் சொல்லிவிட்டார். கேட்டதற்காகச் சம்மட்டியை எடுத்து, கீழே கிடந்த பச்சைத் துண்டை நான்கு அடியில் உடைத்துக் கையில் கொடுத்தார். புது முகம் மெழுகு பூசியது போல மினுங்கியது. ஈரமாக இருக்குமோ என்று விரலால் தேய்த்தேன். ஈரம் இல்லை.

இந்தக் கல்லுக்குச் சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்பவரின் கல்லறைப் பலகையைப் பார்த்து, அது சென்னையில் இருந்து போன பாறை என்று கண்டுகொண்டு, தாமஸ் ஹாலண்ட் 1893ல் வைத்த பெயர். அந்தப் பாறையின் பிறந்தகம் பரங்கிமலையும் பல்லாவரமும். நான் ஏழு வருடம் குடியிருந்தது பரங்கிமலைக்குக் கீழே. மாலையில் படியேறிப் போய், இதே கரும்பச்சைப் பாறையின் மேல் உட்கார்ந்து விமானம் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அது ஆழத்தில் வெந்து எழும்பிய நிலத்தின் அடிமட்டம் என்று அப்போது தெரியாது.

துண்டை முதியவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைத் தூணுக்கு முட்டுக்கொடுக்க அடியில் தள்ளிவிட்டு, வரிக்கல்லின் மேல் அடுத்த குழியை எடுக்கத் தொடங்கினார். தீப்பெட்டி அளவுதான் இருந்தது அது.